கொறங்காடு வைத்து நடத்துவது எப்படி: கிளுவை வேலி முதல் பட்டி நோம்பி வரை

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் இட்டேரியில் (இரு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில்) நின்று வேலிக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தால் உழவே படாத புல்காடு தெரியும். அங்கங்கே குடை விரித்த மாதிரி வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், நாலு புறமும் கிளுவை வேலி. அதுதான் கொறங்காடு. காகிதத்தில் இதைத் தரிசு என்று எழுதிவிடுகிறார்கள். தரிசு அல்ல. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் சரளை மண்ணில், மாடு, ஆடு, மண் மூன்றும் கெடாமல் பிழைப்பதற்கு நம் பெரியவர்கள் கண்டுவைத்த பண்ணையம் இது. காங்கயம் மாடு இந்தப் புல்லைத் தின்று உருவான இனம்.

பூமியைத் தாய் என்கிறோம். ஆடு மாடு அடைக்கும் பட்டிக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கொறங்காட்டில் அந்தக் கும்பிடு ஒரு வேலையாகவே இருக்கிறது: மேய்ந்த மண்ணுக்கு ஓய்வு விடுவது. அந்த ஓய்வைக் காப்பதற்குத்தான் வேலி, மரம், பட்டி மாற்றுதல் எல்லாம். புதிதாக அமைப்பவர்களுக்கும், பாட்டன் காலத்துக் கொறங்காட்டைத் திரும்ப உயிர்ப்பிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வருசத்து வேலையை வரிசையாகச் சொல்கிறோம்.

கிளுவை வேலி

முதல் வேலை வேலி. வேலி இல்லாத இடத்தில் ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊர் ஆடு பார்த்துக்கொள்ளும்.

முள்கிளுவைப் போத்தை (நடுவதற்கு வெட்டும் கொம்பை) இலை விடுவதற்கு முன்னால் வெட்ட வேண்டும். கோடையில் கிளுவை மொட்டையாக நிற்கும்போது சாறெல்லாம் கொம்புக்குள் அடங்கியிருக்கும். சித்திரை, வைகாசியில் கோடை மழை விழுந்து துளிர்ப்பதற்குள் வெட்டி நட்டால் பிடிக்கும். துளிர் வந்தபிறகு வெட்டிய போத்து, இருக்கிற இலையைக் காப்பாற்றவே சாறை எல்லாம் செலவழித்துவிட்டு, வேர்விட வலு இல்லாமல் காய்ந்துபோகும்.

கட்டைவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை உள்ள கொம்பு நல்லது. நீளம் நாலு முதல் ஐந்து அடி. கொடுவாளால் ஒரே வெட்டில் சரிவாக வெட்டுங்கள்; நசுங்கிய முனை அழுகும். வெட்டிய போத்துகளை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் ஐந்தாறு நாள் சாத்தி வையுங்கள். வெட்டுவாயில் வடியும் பிசின் காய்ந்து மூடிக்கொள்ளும். படுக்கப் போட்டால் எது அடி, எது நுனி என்று தெரியாமல் கூலியாள் தலைகீழாக நட்டுவிடுவார். கிளுவை பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம், யாரும் கவனிப்பதில்லை.

ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி பள்ளம் பறித்து, அரை அடிக்கு ஒரு போத்து வையுங்கள். நாலு ஏக்கர் சதுரக் காடு என்றால் சுற்றளவு சுமார் 1,670 அடி. போத்து 3,300க்கு மேல் வேண்டும். ஒரே வருசத்தில் அத்தனை கிடைக்காவிட்டால் காற்று வரும் மேற்குப் பக்கத்தை முதலில் முடியுங்கள். மண்ணைத் தள்ளியதும் கடப்பாரையின் தட்டைப் பக்கத்தால் இடித்து இறுக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று போத்தை ஆட்டும். ஆடினால் அப்போதுதான் விட்ட வேர் அறுந்துவிடும். பள்ளத்தில் தண்ணீர் கட்டவும் கூடாது. கிளுவை வறட்சியைத் தாங்கும், ஈரத்தில் நிற்காது. மழை போதும், குடம் தூக்க வேண்டாம்.

நேராக நட்ட வரிசையோடு, நாலு அடிக்கு ஒன்றாகச் சாய்வாகவும் போத்து வைத்துக் குறுக்கே பின்னிக் கட்டினால் வேலி ஆட்டுக்கு வழிவிடாது. கட்டுவதற்குப் பனைநார் அல்லது கற்றாழை நார். கம்பியால் கட்டாதீர்கள். கிளுவை பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கி அந்த இடத்துக்கு மேலே கொம்பு செத்துவிடும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்து துண்டு துண்டாகப் புல்லில் விழும்; அதைப் புல்லோடு சேர்த்து மாடு விழுங்கும். நார் இரண்டு வருசத்தில் மக்கிவிடும், அதற்குள் வேலிக்கு அது தேவைப்படாது.

முதல் இரண்டு வருசம் வெளிப்பக்கம் வேலமுள் அடைத்து வையுங்கள். கிளுவைத் துளிர் வெள்ளாட்டுக்கு வெல்லம் மாதிரி. இரண்டாம் வருசம் காய்ந்த இடத்தில் மறுபடி போத்து வையுங்கள். மூன்றாம் வருசத்திலிருந்து நீண்ட கொம்புகளை முழுக்க வெட்டாமல் பாதி வெட்டி மடக்கி, சந்து இருக்கும் பக்கம் படுக்க வைத்தால் வேலி தானே அடர்ந்துகொள்ளும்.

வேலியில் தானாக வரும் கோவை, பிரண்டை, வேலிப்பருத்தி, ஆதண்டைக் கொடிகளை அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டாம். கவுதாரியும் காடையும் குஞ்சு பொரிப்பது அந்த அடர்த்திக்குக் கீழேதான். கீரி, உடும்பு, ஓணானுக்கும் அதுதான் வீடு. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் ஒரு வாரத்தில் வேலை முடியும். ஆனால் கம்பிக்கு நிழல் இல்லை, வேர் இல்லை, இலை இல்லை.

புல்

கொழுக்கட்டைப் புல் விதை பஞ்சு மாதிரி இருக்கும். கையால் அள்ளி வீசினால் பாதி வேலியில் போய் ஒட்டும். அதனால் ஆடிக்காற்றில் விதைக்கக் கூடாது. நம் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் நிற்கும்.

ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட நீலக் கொழுக்கட்டை கோ 1 கிடைக்கும். பக்கத்துக் கொறங்காட்டு விதை கிடைத்தால் அதற்குத்தான் எங்கள் ஓட்டு, அந்த மண்ணுக்குப் பழகினது. ஒன்று முக்கியம்: புது விதை முளைக்காது. இதற்கு உறக்கக் காலம் உண்டு. அறுத்து ஆறு முதல் எட்டு மாதம் ஆன விதையைத்தான் போட வேண்டும். விதைத்து ஒன்றும் வரவில்லை, மண் சரியில்லை என்பவர்களில் பலர் அந்த மாதமே அறுத்த விதையைப் போட்டவர்கள்.

விதைப்பதற்குப் பத்து நாள் முன்னால் நனைத்த கோணிச்சாக்கில் எண்ணி 100 விதையை வைத்துச் சுருட்டி, தினமும் ஈரம் தெளித்துப் பாருங்கள். முப்பதுக்குக் கீழே முளைத்தால் விதையளவை இரட்டிப்பாக்குங்கள். பிறகு ஒரு கிலோ விதைக்கு நாலு கிலோ குட்டை வண்டலும் ஒரு கிலோ பொடித்த காய்ந்த சாணமும் சேர்த்து, தண்ணீரைக் கைவிரலால் தெளித்துத் தெளித்துச் சாக்கில் உருட்டுங்கள். மிளகிலிருந்து சுண்டைக்காய் அளவுக்கு உருண்டை திரளும். நிழலில் உலர்த்திவிட்டு வீசினால் விழுந்த இடத்தில் இருக்கும், எறும்பும் தூக்காது. கட்டிய மண்ணைக் கொத்தினால் சும்மா கீறிவிட்டது மாதிரி மேலாகக் கொத்துங்கள். விதை ஆழமாகப் போனால் முளை மேலே வரச் சிரமப்படும். ரோட்டவேட்டர் விட்டுப் புரட்டுவது வேண்டவே வேண்டாம். இருக்கிற பழைய புல் தூரும் அதோடு போய்விடும்.

புல்லோடு ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ நரிப்பயறு தூவுங்கள். கொடியோடிப் படர்ந்து மண்ணை மூடும், வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும், மாட்டுக்குப் புரதமும் ஆகும்.

முதல் வருச மழைக்காலத்தில் ஒரு வாய்கூட மேயக் கூடாது. புல் பூத்து விதை உதிர்ந்த பிறகுதான், தை பிறந்து, கடவு (வேலியில் விட்ட வாசல்) திறக்கலாம். பச்சையாக நிற்கிறதே என்று கார்த்திகையிலேயே ஆட்டை விட்டால், வேர் இறங்காத புல்லை ஆடு தூரோடு பிடுங்கிவிடும்.

வெள்வேல மரம்

ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து மரம் போதும். அதற்கு மேல் போனால் நிழல் புல்லை அமுக்கும். வெள்வேல விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் வருசக்கணக்கில் கிடக்கும். காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் வரும் விதை, தோல் இளகி வரும். பட்டியைக் கூட்டும்போது அந்தப் புழுக்கையை எடுத்துவைத்து, மழை தொடங்கியதும் ஒரு சாண் குழியில் ஒரு கைப்பிடி போட்டு மூடுங்கள். வந்த கன்றைச் சுற்றி முள் வையுங்கள். ஆள் உயரம் தாண்டியதும் கீழ்க்கிளைகளைக் கழித்தால் மேலே குடை மாதிரி விரியும்.

ஒரு எச்சரிக்கை. பட்டினி கிடந்த ஆட்டை உதிர்ந்த வெள்வேலங்காய்க்கோ வெட்டிப்போட்ட இளந்தழைக்கோ நேராக விடாதீர்கள். வெள்வேலில் சயனைடு நஞ்சு இருக்கும். வெறும் வயிற்றில் மொத்தமாகத் தின்றால் ஆடு மூச்சு இழுத்து விழும். வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு விழுவதும் இதே நஞ்சால்தான். புல்லை மேயவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்குப் பழக்குங்கள்.

மேய்ச்சலும் ஓய்வும்

காட்டை நாலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரு அடைப்பு. அதில் புல் ஒரு முழம் வளர்ந்ததும் உருப்படிகளை உள்ளே விடுங்கள், அரைச் சாணுக்கு வந்ததும் வெளியே எடுங்கள். அரைச் சாணுக்குக் கீழே இருப்பது புல்லின் கையிருப்பு. அடுத்த துளிருக்கான மொட்டும் சேமித்த சத்தும் அந்தத் தூரில்தான் இருக்கின்றன. அதையும் கடிக்கவிட்டால் மண்ணுக்குள் வேரும் சாகும். அடுத்த மழையில் தண்ணீரை உறிஞ்ச ஆளில்லாமல் மண் அடித்துக்கொண்டு போகும்.

முதலில் மாடு, பிறகு செம்மறி. மாடு நாக்கால் சுருட்டி இழுக்கும், உயரமான புல்தான் அதற்கு வசதி. செம்மறி உதட்டால் ஒட்டக் கடிக்கும். வரிசை மாறினால் மாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. செம்மறியை இரண்டு மூன்று நாளைக்கு மேல் ஒரே அடைப்பில் வைக்காதீர்கள். பெருமழை பெய்த இரண்டு நாளைக்கு எதையும் விட வேண்டாம்; ஈர மண்ணைக் குளம்பு மிதித்துக் கல்லாக்கிவிடும்.

எத்தனை மாடு தாங்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு, ஊகம் வேண்டாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குச்சிச் சட்டம் ஒன்று செய்து, கார்த்திகைக் கடைசியில் காட்டில் ஐந்து இடத்தில் போட்டு, சட்டத்துக்குள் இருக்கும் புல்லை அரைச் சாண் விட்டு அறுத்து, காயவைத்து நிறுத்துச் சராசரி எடுங்கள். சராசரி 200 கிராம் என்றால் ஏக்கருக்கு (4,047 சதுர மீட்டர்) சுமார் 810 கிலோ, நாலு ஏக்கருக்கு 3,240 கிலோ. அதில் பாதி மண்ணுக்கு. மீதி 1,620 கிலோ. ஒரு காங்கயம் பசு ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கிலோ காய்ந்த தீவனம் தின்னும். எட்டு என்று வைத்தால் ஒரு பசுவுக்கு 200 நாள். தீவன அளவில் ஏழெட்டுச் செம்மறி ஒரு பசுவுக்குச் சமம். இந்தக் கணக்குக்கு மேல் உருப்படி இருந்தால் விற்கலாம், அல்லது சோளத்தட்டு வாங்கலாம். காட்டிடம் கடன் வாங்கக் கூடாது.

பாதியை மண்ணுக்கு விடுவது வீண் என்று தோன்றும். அந்தப் பாதிதான் காய்ந்து விழுந்து மூடாக்காகிறது, கறையானுக்கு இரையாகிறது, கறையான் துளை வழியாக மழை உள்ளே இறங்குகிறது.

காட்டில் கொளிஞ்சி, ஆவாரை, எருக்கு அதிகமாகி, ஊசிப்புல் தலையெடுத்தால் மேய்ச்சல் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மாடு தொடாத செடி மிஞ்சுகிறது, தொடும் செடி தேய்கிறது. அந்த அடைப்பை ஒரு மழைக்காலம் முழுக்கச் சாத்துங்கள்.

புல் இல்லாத சொட்டைத் திட்டு இருந்தால் அங்கே ஆட்டுப்பட்டி போடுங்கள். நூறு ஆடு ஒரு ராத்திரி படுக்க மூன்று சென்ட் இடம். மறுநாள் படலை (பட்டியைச் சுற்றி நிறுத்தும் தட்டியை) தூக்கி அடுத்த மூன்று சென்ட். இப்படிப் போனால் 33 ராத்திரியில் ஒரு ஏக்கர். புரட்டாசி மழைக்கு ஒட்டி முன்னால் போடுவதுதான் சரி. சித்திரை வெயிலில் போட்டால் மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்து ஆவியாகிவிடும். ஒரே இடத்தில் நாலைந்து ராத்திரி கிடந்தால் புல் கருகும்.

சீமைக்கருவேல் சின்னதாக இருக்கும்போதே, மழை பெய்து மண் இளகியதும் வேரோடு பிடுங்குங்கள். பெரியதை மண்ணுக்கு மேலே வெட்டிப் பிரயோசனமில்லை, ஒன்று பத்தாகத் துளிர்க்கும். சுற்றித் தோண்டி ஒரு அடிக்குக் கீழே வெட்ட வேண்டும். வெளியே சீமைக்கருவேலங்காய் தின்ற உருப்படியைச் சில நாள் கட்டுத்தரையிலேயே கட்டி வைத்துவிட்டுப் பிறகு காட்டுக்குள் விடுங்கள். அதன் சாணம் குப்பைக்குழிக்கு.

சாமியும் நோம்பியும்

கன்னிமார் கல்லோ கருப்பணசாமியோ இருக்கும் இடத்தைச் சுற்றி ஐந்து சென்ட்டை மேய்ச்சலுக்குத் திறக்காமல், கத்தி படாமல் விடுவது பழைய வழக்கம். காட்டில் அருகிப்போன செடிக்கு விதை அங்கேதான் மிச்சமிருக்கும். ஆனால் கல்லை ஒட்டிப் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கி வையுங்கள். மாசி, பங்குனியில் கற்பூரப் பொறி ஒன்று போதும், நாலு ஏக்கரும் போகும். விளக்கை மண் மாடத்துக்குள் வையுங்கள்.

மார்கழிக் கடைசி நாள் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டுத் தாழ்வாரம், கட்டுத்தரை, கிணற்றுமேடு, கடவு, காட்டின் சனிமூலை (வடகிழக்கு மூலை) எல்லாவற்றிலும் செருகுகிறோம். இப்போது சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள், பிளாஸ்டிக் கயிறு சுற்றி. மண்ணுக்குக் காப்புக் கட்டுகிறோம் என்று மண்ணில் மக்காததைக் கட்டுவது மனசுக்கு ஒப்பவில்லை. கொறங்காட்டு ஓரத்தில் ஒரு சென்ட் போதும், மூன்றும் அங்கேயே வரும். பூளையைப் பிடுங்காமல் நாலு விரல்கடை விட்டு அறுங்கள், மூன்றுக்கு ஒரு செடியைத் தொடாமல் விடுங்கள். அது உதிர்க்கும் விதைதான் அடுத்த வருசத்துக் காப்பு. ஆவாரையில் பூத்த நுனியை மட்டும் ஒடியுங்கள். ஒரு கொத்து வேப்பிலை, இரண்டு பூளைக்கதிர், ஒரு ஆவாரங்கொம்பு, அதைச் சுற்றிப் பனைநார்.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் பட்டி நோம்பி, அதாவது பட்டிக்கான பண்டிகை. பட்டி நடுவே கட்டும் தெப்பக்குளத்துக்குப் பச்சைச் சாணம் மூன்று பங்கு, செம்மண் ஒரு பங்கு. வெறும் சாணத்தில் கட்டினால் வெடித்துத் தண்ணீர் ஒழுகும். இரண்டடிச் சதுரம், நாலு விரல்கடை உயரக் கரை, உள்ளே கையால் மெழுகிவிட்டு ஒரு நாழிகை கழித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். கரையில் பூளையும் ஆவாரம்பூவும். பூசை முடிந்து “பட்டி பெருக” என்று சொல்லி மாட்டை மிதிக்கவிட்ட பிறகு, விடிந்ததும் அந்தச் சாணத்தை அள்ளிக் குப்பைக்குழியில் சேர்த்துவிடுங்கள்.

பொங்கலை மாட்டுக்கு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம். ஆளாளுக்குப் பிரியமாக ஊட்ட, பானையில் மிஞ்சியதையும் தொட்டியில் கொட்ட, புல் தின்று பழகிய வயிற்றில் சோறு ஒரே ராத்திரியில் புளித்து அமிலமாகும். காலையில் அசைபோடாமல், தலையைத் தொங்கப்போட்டு, கழிசலோடு நிற்கும். அப்படிக் கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கொம்புக்கு எனாமல் பெயிண்ட் வேண்டாம், மாடு ஒன்றையொன்று நக்கும். காவிக்கல்லை அரைத்துப் பூசினால் போதும்.

நோம்பி முடிந்த மறுநாளே விதைக்கென்று அடைத்து வைத்த காட்டைப் போய்ப் பாருங்கள். நாலில் ஒரு அடைப்பை ஆண்டுதோறும் மாற்றி மாற்றி, மழை தொடங்கியதிலிருந்து தை வரை மேய்க்காமல் விட வேண்டும். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள், கதிரைக் கீழிருந்து மேலாக விரலிடுக்கில் உருவுங்கள். முற்றிய விதை தடையில்லாமல் கையோடு வரும். இழுக்க வேண்டியிருந்தால் அது இன்னும் பச்சை, விட்டுவிடுங்கள். பாதிக் கதிரை உருவிக்கொண்டு மீதியைக் காட்டிலேயே உதிரவிடுங்கள். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பருத்திப் பையில் கட்டி, மாதத்தை எழுதி, எலி எட்டாத உயரத்தில் சாளைக்குள் (காட்டுக் குடிசைக்குள்) தொங்கவிட்டால், தை விதைக்குப் புரட்டாசியில் எட்டு மாதம் நிறைந்துவிடும்.